அறிமுகக் கையேட்டில் ஒரு நாடு எவ்வளவு தெரியும்?

படிப்புக்கோ வேலைக்கோ சுற்றுலாவுக்கோ வேறொரு நாட்டுக்குப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது அந்நாட்டைப் பற்றிய அறிமுக நூலைத்தான். இத்தகைய நூல்களைப் பற்றி இரண்டு கருத்துகள் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. ஒன்றைப் படித்துவிட்டாலே அந்நாட்டு மக்களைப் புரிந்துகொண்டுவிடலாம் என்கிறார்கள் ஒரு சாரார். எல்லாம் பயணிகளுக்காக எழுதப்பட்ட மேம்போக்கான எழுத்து என்று ஒதுக்குகிறார்கள் இன்னொரு சாரார். இருவரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: நூலில் உள்ள செய்திகள் எல்லாம் ஒரே தரத்தவை என்று இருவருமே எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ஒரே பக்கத்தில், ஒரே நடையில், அடுத்தடுத்து வரும் இரண்டு வாக்கியங்களில் ஒன்றை யார் வேண்டுமானாலும் சரிபார்த்துவிடலாம். மற்றொன்றைச் சரிபார்க்க வழியே இராது. இவ்விரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

## குடும்பப் படமும் அதன் அடிக்குறிப்பும்

பெரிய குடும்பம் ஒன்று கூடியிருந்தபோது எடுத்த படம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். படத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் முதியவர், யார் குழந்தை என்பதையெல்லாம் முன்பின் அறியாதவர்கூடச் சொல்லிவிட முடியும். ஆனால் பல ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளாத இரண்டு சகோதரர்கள் தோளோடு தோள் நிற்பது, படம் எடுத்தவர் அப்படி நிற்கச் சொன்னதால்தான் என்பது வெளியாளுக்குத் தெரியாது. வர மறுத்துவிட்ட ஒருவர் படத்தில் இல்லை. படம் எடுத்தவரும் இல்லை.

இப்போது அந்தப் படத்தின் கீழே, 'எங்கள் ஒற்றுமையான குடும்பம்' என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. அந்தக் குடும்பம் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்புகிறது என்பதை அது சொல்கிறது, அந்த விருப்பமும் ஒரு தகவல்தான். ஆயினும் படத்தில் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள் என்பது போன்ற தகவலாக அதைக் கொள்ள முடியாது. நாட்டு அறிமுக நூல்களில் இவ்விரு வகைத் தகவல்களும் கலந்தே வருகின்றன. எது படம், எது அடிக்குறிப்பு என்று அச்சில் யாரும் பிரித்துக் காட்டுவதில்லை.

## இந்த நூல்கள் எதற்காகத் தோன்றின?

இன்று நாம் காணும் வடிவிலான பயணக் கையேடு 19ஆம் நூற்றாண்டின் படைப்பு. இலண்டனில் பதிப்பாளர் ஜான் மர்ரே 1836இல் ஐரோப்பாவுக்கான கையேட்டை வெளியிட்டார். அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் பெடெக்கரும் இத்துறையில் இறங்கினார். பெடெக்கரின் நூல்களில் தவறாமல் பார்க்க வேண்டியவற்றுக்கு நட்சத்திரக் குறி இடப்பட்டது. அதற்கும் முன்பே மரியானா ஸ்டார்க் என்ற ஆங்கில எழுத்தாளர், இத்தாலியின் ஓவியங்களையும் சிற்பங்களையும் தரம் பிரிக்க வியப்புக்குறிகளைப் பயன்படுத்தினார். சிறப்புக் கூடக் கூட வியப்புக்குறிகளின் எண்ணிக்கையும் கூடும். இன்றைய இணைய மதிப்பீடுகளுக்கு இவரே பாட்டி என்று சொன்னால் அவர் வருந்தமாட்டார் என்றே நினைக்கிறேன்.

எதைப் பார்ப்பது, எங்கே தங்குவது, எப்படிப் போவது என்று சொல்லவே இந்நூல்கள் எழுதப்பட்டன. மக்களைப் பற்றிய பகுதி பெரும்பாலும் முன்னுரையோடு ஒட்டிய ஒரு சிறு அத்தியாயமாகத்தான் இருந்தது. பிற்காலத்தில் வேறு வகைகளும் சேர்ந்தன: அரசுத் துறைகள் தம் அலுவலர்களுக்காகத் தொகுத்த நாட்டுக் குறிப்பேடுகள், வெளிநாட்டில் குடியேறுபவர்களுக்கான பழக்கவழக்கக் கையேடுகள், குடியுரிமைத் தேர்வுக்காக அந்தந்த அரசே வெளியிடும் நூல்கள். எல்லாவற்றையும் நாம் அறிமுக நூல் என்ற ஒரே பெயரால் அழைக்கிறோம். ஆனால் பயணிக்காக எழுதுபவர் நாட்டை விருந்தினரின் கண்ணால் பார்க்கிறார்; குடியுரிமை நூல் எழுதுபவரோ வீட்டுக்காரரின் குரலில் பேசுகிறார்.

## சமூகம் வேறு, அடையாளம் வேறு

இங்கே இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சமூகம் என்பது ஒரு நாட்டில் மக்கள் எவ்வாறு பிணைந்தும் பிரிந்தும் வாழ்கிறார்கள் என்பதன் அமைப்பு: குடும்பம், தொழில், மொழி, சமயம், சட்டம், கல்வி, சொத்து ஆகியவை எல்லாம் இதில் அடங்கும். தேசிய அடையாளம் என்பது அந்த மக்கள் 'நாம்' என்று சொல்லும்போது யாரைச் சேர்க்கிறார்கள், யாரை விடுகிறார்கள், எந்தக் கதையின் மேல் நின்று அப்படிச் சொல்கிறார்கள் என்பது.

சமூகத்தின் பெரும்பகுதியைக் கண்ணால் காணலாம், எண்ணலாம், சட்டப் புத்தகத்தில் தேடலாம். பள்ளிக்கல்வி எத்தனை ஆண்டு, நாடாளுமன்றத்துக்கு எத்தனை அவைகள், திருமண வயது என்ன என்பன போன்றவற்றில் ஒரு நல்ல அறிமுக நூலை நம்பலாம். தவறு இருந்தால் அடுத்த பதிப்பில் திருத்தவும் முடியும். அடையாளம் அப்படிப்பட்டதன்று. அரசியல் அறிஞர் பெனடிக்ட் ஆண்டர்சன் 1983இல் தேசத்தைக் 'கற்பிதச் சமூகம்' என்று வரையறுத்தார். மிகச் சிறிய தேசத்திலும்கூட ஒருவர் தம் நாட்டவரில் பெரும்பாலோரை வாழ்நாளில் சந்திக்கவே போவதில்லை. ஆயினும் அவர்களோடு தமக்கு ஓர் உறவு இருப்பதாக மனத்தில் உருவகித்துக்கொள்கிறார் என்பதே அதன் பொருள். கற்பிதம் என்றதும் பொய் என்று கொண்டுவிடக் கூடாது. பணத்தாளின் மதிப்பும் பலர் சேர்ந்து ஏற்றுக்கொண்டதால்தான் இருக்கிறது. அதற்காக அது இல்லாத மதிப்பு ஆகிவிடுவதில்லை.

பிரெஞ்சு அறிஞர் ஏர்னஸ்ட் ரெனான் 1882இல் பாரிசில் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரு தேசம் உருவாவதற்கு நினைவு எவ்வளவு தேவையோ அவ்வளவு மறதியும் தேவை என்றார் அவர். படத்துக்கு நின்ற அந்த இரண்டு சகோதரர்களை நினைத்துப் பார்த்தால் இக்கருத்து எளிதில் விளங்கும்.

இதுவரை சொன்னதன் சாரம்: அமைப்பைப் பற்றிய வாக்கியங்களைச் சரிபார்க்கலாம். அடையாளத்தைப் பற்றிய வாக்கியங்கள் ஒரு மக்கள் கூட்டம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் கதையின் சுருக்கங்கள். அந்தக் கதையில் அந்நாட்டவர் எல்லோருக்கும் உடன்பாடு இருப்பதும் இல்லை.

## 'இந்நாட்டவர் இப்படிப்பட்டவர்கள்' என்ற வாக்கியம்

அறிமுக நூல்களில் மிக எளிதாக நினைவில் நிற்பதும், மிக எளிதாகத் தவறாகப் போவதும் இந்த வகை வாக்கியந்தான். இந்நாட்டவர் கூச்சசுபாவம் உடையவர்கள், அந்நாட்டவர் நேரந்தவறாதவர்கள், வேறொரு நாட்டவர் உணர்ச்சிவசப்படுபவர்கள் என்று நூல்கள் சொல்லிச் செல்கின்றன. ஒரு கூட்டத்தின் உறுப்பினர் அனைவருக்கும் ஒரே பண்பை ஏற்றிச் சொல்லும் இத்தகைய படிமத்தை வகைமாதிரி என்பார்கள்.

இது சராசரி உண்மைதானே, சராசரியாவது சரியாக இருக்குமே என்று தோன்றலாம். அதைத்தான் ஒரு பன்னாட்டு ஆய்வுக் குழு சோதித்துப் பார்த்தது. 49 பண்பாடுகளைச் சேர்ந்த மக்களிடம், உங்கள் நாட்டவரின் பொதுவான குணம் என்ன என்று கேட்டு, அந்த விடைகளை அதே பண்பாடுகளில் தனிமனிதர்களின் குணங்களை அளந்து பெற்ற சராசரிகளோடு ஒப்பிட்டார்கள். 2005இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த முடிவு, இரண்டும் பொருந்தவில்லை என்பது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், இங்கே பிழைபட்டவர்கள் வெளியாட்கள் அல்லர். தம் சொந்த நாட்டைப் பற்றியே பேசியவர்கள். ஆகவே 'உள்ளூர்க்காரரே எழுதிய நூல்' என்ற முத்திரை, குணச்சித்திரத்தைப் பொறுத்தவரை பெரிய உத்தரவாதம் ஆகாது.

சராசரி சரியாகவே இருந்தாலும் மற்றொரு பள்ளம் காத்திருக்கிறது. கூட்டத்துக்குப் பொருந்தும் உறவை அக்கூட்டத்தின் தனிமனிதருக்கும் பொருந்தும் என்று எண்ணுவதைத் தொகுப்புப் பிழை எனலாம். வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1950இல் இதற்கு ஒரு நல்ல சான்று காட்டினார். அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, வெளிநாட்டில் பிறந்தோர் அதிகமாக வாழ்ந்த மாநிலங்களில் எழுத்தறியாமை குறைவாக இருந்தது. அதைப் பார்ப்பவர், குடியேறியவர்கள் உள்நாட்டினரைவிட அதிகம் படித்தவர்கள் என்றுதானே முடிவு கட்டுவார்? தனித்தனி ஆட்களின் கணக்கை எடுத்தபோதோ, எழுத்தறியாமை குடியேறியவர்களிடையேதான் சற்று அதிகமாக இருந்தது. ஏற்கெனவே எழுத்தறிவு மிகுந்திருந்த மாநிலங்களில் அவர்கள் போய்க் குடியேறியதால் மாநிலக் கணக்கு தலைகீழான தோற்றம் தந்துவிட்டது.

பண்பாட்டுக் கையேடுகள் பலவற்றில், தனிமனிதப் போக்கு போன்ற பண்புகளுக்கு நாடுவாரியாகத் தரப்படும் மதிப்பெண்களைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவற்றில் பெரும்புகழ் பெற்றது கெர்ட் ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளரின் அட்டவணை. ஐபிஎம் நிறுவனத்தின் ஊழியர்களிடம் 1967க்கும் 1973க்கும் இடையில் நடத்திய கருத்தாய்வே அதன் அடிப்படை. ஒரே நிறுவனத்தில் வேலை கிடைத்தவர்கள் ஒரு நாட்டின் உழவர்களுக்கும் மீனவர்களுக்கும் எவ்வளவு தூரம் பிரதிநிதிகள் ஆவார்கள் என்பது நியாயமான கேள்வி. நாட்டு மதிப்பெண்ணைத் தனிமனிதர்மேல் ஏற்றக் கூடாது என்று ஹாஃப்ஸ்டெட்டே எச்சரித்திருக்கிறார். அறிமுக நூலுக்குள் வரும்போது மதிப்பெண் மட்டும் வந்து சேர்கிறது, எச்சரிக்கை வழியிலேயே தங்கிவிடுகிறது.

## சுவிட்சர்லாந்தை அருகே சென்று பார்ப்போம்

பொதுவாகப் பேசியது போதும். சுவிட்சர்லாந்தைப் பற்றிய அறிமுகங்களில் வழக்கமாகக் காணப்படும் மூன்று செய்திகள் இவை: நாடு 1291இல் தோன்றியது, நான்கு மொழிகள் பேசுகிறது, உலகின் பழமையான மக்களாட்சிகளுள் ஒன்று. மூன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாம்.

மொழியிலிருந்து தொடங்குவோம். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன், ரோமான்ஷ் ஆகிய நான்கும் தேசிய மொழிகள் என்று அரசியலமைப்பே சொல்கிறது. ஆகவே நூல் சொல்வது சரி. ஆனால் அதைப் படிப்பவர் மனத்தில், நான்கு மொழிகளிலும் சரளமாக உரையாடும் மக்கள் தோன்றிவிடுகிறார்கள். கான்டன் எனப்படும் 26 மாநிலங்களில் 17இல் ஜெர்மன் மட்டுமே ஆட்சிமொழி, நான்கில் பிரெஞ்சு மட்டுமே, ஒன்றில் இத்தாலியன் மட்டுமே. மூன்று கான்டன்கள் இருமொழி கொண்டவை, ஒன்றே ஒன்று மும்மொழி கொண்டது. ரோமான்ஷ் மொழியை முதன்மையாகக் கொண்டவர்கள் மக்கள்தொகையில் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஜெர்மன் பகுதியிலோ எழுதுவது பொது ஜெர்மன், பேசுவது வட்டாரக் கிளைமொழி. பிரெஞ்சுப் பகுதி மாணவர் பள்ளியில் பல ஆண்டுகள் பொது ஜெர்மனைப் படித்துத் தேறிவிட்டு சூரிக் நகருக்கு வந்தால், டிராமில் பக்கத்து இருக்கைக்காரர்கள் பேசிக்கொள்வது அவருக்குப் பிடிபடுவதில்லை. 'நான்கு மொழிகள்' என்ற அழகிய எண்ணிக்கைக்குள் அந்த மாணவரின் திகைப்புக்கு இடமில்லை.

அடுத்து, தோன்றிய ஆண்டு. ஷ்விட்ஸ் நகரின் அருங்காட்சியகம் ஒன்றில், 1291 ஆகஸ்ட் தொடக்கத்தைக் குறிக்கும் இலத்தீன் தோல் ஆவணம் ஒன்று இருக்கிறது. மூன்று மலைப் பகுதிகளின் மக்கள் ஆபத்தில் ஒருவருக்கொருவர் உதவுவோம், வழக்குகளை முறையாகத் தீர்த்துக்கொள்வோம் என்று செய்துகொண்ட உடன்படிக்கை அது. புதிய நாடு ஒன்றைத் தோற்றுவிக்கிறோம் என்று அதில் இல்லை. நாட்டின் தோற்றக் கதையில் வரும் நாயகன் வில்லியம் டெல்லும் அதில் இல்லை. அதே கதையில் மூன்று பகுதியினரும் ரூட்லி புல்வெளியில் எடுத்ததாகச் சொல்லப்படும் உறுதிமொழியும் இல்லை. அந்த உறுதிமொழிக்கு நீண்ட காலம் வரை மரபு சொல்லிவந்த ஆண்டும் 1307தான்.

அப்படியானால் 1291 எப்போது பிறந்தநாள் ஆயிற்று? 1847இல் கத்தோலிக்கக் கான்டன்களின் கூட்டணிக்கும் மற்றவற்றுக்கும் இடையே சில வாரங்களே நீடித்த உள்நாட்டுப் போர் மூண்டது; கூட்டணி தோற்றது. வென்றவர்களின் தலைமையில் 1848இல் எழுதப்பட்ட அரசியலமைப்பிலிருந்தே இன்றைய கூட்டாட்சி தொடங்குகிறது. 1848ஐப் பிறந்தநாளாகக் கொண்டாடினால் அது வென்றவர்களின் விழாவாகவே இருந்திருக்கும். 1291இன் உடன்படிக்கையைச் செய்தவையோ 1847இல் தோற்ற அணியில் நின்ற மலைப் பகுதிகள். 1891இல் அரசு 600ஆம் ஆண்டு விழாவைக் கொண்டாடியபோது, தோற்றவர்களை வீட்டின் மூத்தவர்களாக முன்வரிசையில் உட்கார வைத்தது என்று சொல்லலாம். அதே ஆண்டின் இறுதியில்தான் கத்தோலிக்கப் பழமைவாத அணியைச் சேர்ந்த ஒருவர், யோசஃப் செம்ப், முதன்முறையாகக் கூட்டாட்சியின் அமைச்சரவையில் இடம்பெற்றார். ஆகஸ்ட் 1 நாடு முழுவதற்குமான விடுமுறை நாளானது 1993 வாக்கெடுப்புக்குப் பின்னர், 1994இலிருந்து. 'நாடு 1291இல் தோன்றியது' என்ற வாக்கியம் 13ஆம் நூற்றாண்டைப் பற்றிச் சொல்வதைவிட 19ஆம் நூற்றாண்டைப் பற்றியே நமக்கு அதிகம் சொல்கிறது என்பது என் எண்ணம்.

மூன்றாவது, மக்களாட்சி. பெண்களுக்குக் கூட்டாட்சி அளவில் வாக்குரிமை வழங்கலாமா என்று 1959இல் ஆண்களிடம் கேட்கப்பட்டது; மூன்றில் இரு பங்கு ஆண்கள் மறுத்துவிட்டார்கள். 1971இல்தான் அது நிறைவேறியது. அப்பென்செல் இன்னர்ரோடன் என்ற சிறிய கான்டனில், கான்டன் அளவிலான விவகாரங்களில் பெண்கள் வாக்களிக்க 1990இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியிருந்தது. எதற்கெடுத்தாலும் மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தும் முறை அங்கே வலுவாக இருந்ததுதான், வாக்குரிமை இல்லாதவர்களுக்கு அது கிடைப்பதைத் தாமதப்படுத்தியது. அரசியலமைப்பைத் திருத்த, ஏற்கெனவே வாக்கு வைத்திருந்தவர்களின் சம்மதம் தேவைப்பட்டது. பெருமையும் குறையும் ஒரே பொறியமைப்பிலிருந்து வந்தவை. இதை விளக்கும் நூல் அந்தச் சமூகத்தை உண்மையிலேயே விளக்குகிறது. 'பழமையான மக்களாட்சி' என்றதோடு நிறுத்திக்கொள்ளும் நூல் அடிக்குறிப்பைப் படித்துக் காட்டுகிறது.

சுருக்கமாக, மூன்று செய்திகளில் எதையும் வெறும் பொய் என்று தள்ளிவிட முடியாது. அவற்றுக்குப் பின்னால் நடந்த வாதங்கள் மட்டும் அவற்றில் இல்லை.

## எழுதுபவர் யார், யாருக்காக?

ரூத் பெனடிக்ட் என்ற மானிடவியலாளர் ஜப்பானியரைப் பற்றி எழுதி 1946இல் வெளியிட்ட நூல், அந்நாட்டை அறிமுகம் செய்தவற்றில் மிகுந்த செல்வாக்குப் பெற்ற ஒன்று. அவர் ஜப்பானுக்குச் சென்றதே இல்லை. போர்க்காலத்தில் அமெரிக்க அரசுக்காகத் தொடங்கிய ஆய்வு அது; அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியர்களிடம் கேட்டும், திரைப்படங்களையும் நூல்களையும் ஆராய்ந்தும் எழுதினார். எதிரி நாடு அடுத்து என்ன செய்யும் என்று அறிய விரும்பிய அரசுக்கு, முழு நாட்டையும் ஒரே மனமாகக் காட்டும் சித்திரம் தேவைப்பட்டது. பின்னர் ஜப்பானிய மொழியில் பெயர்க்கப்பட்டபோது ஜப்பானியரே அதை ஆர்வத்தோடு படித்தார்கள், தம்மைப் பற்றிப் பேச அதன் சொற்களைக் கையாண்டார்கள். வெளியிலிருந்து எழுதப்பட்ட அடிக்குறிப்பு வீட்டுக்குள்ளும் புழங்கத் தொடங்கிவிடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அரசே எழுதும் நூல்களில் இது இன்னும் வெளிப்படை. கனடா குடியுரிமை விண்ணப்பதாரர்களுக்காக 2009இல் புதிய கையேட்டை வெளியிட்டது. முந்தைய கையேட்டைவிட இதில் படை வரலாற்றுக்கும் முடியாட்சிக்கும் கூடுதல் இடம் கிடைத்தது. இடையில் கனடா மாறிவிடவில்லை, ஆட்சியில் இருந்த கட்சி மாறியிருந்தது. பிரிட்டனின் குடியுரிமைத் தேர்வு நூலில் அடிமை வணிகமும் பேரரசும் சொல்லப்பட்டிருக்கும் விதம் தவறான எண்ணம் தருகிறது என்று 2020இல் நூற்றுக்கும் மேற்பட்ட வரலாற்றாசிரியர்கள் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார்கள். தேர்வு எழுதுபவரோ அந்நூலில் உள்ளபடியே விடையளித்தாக வேண்டும்.

## படிக்கும்போது என்ன செய்யலாம்?

பதிப்பு ஆண்டைப் பார்ப்பது முதல் வேலை. ஜப்பானியர் ஒரே இனத்தவர் என்று பழைய நூல் ஒன்று சொல்லக்கூடும்; நாட்டின் வடபகுதியில் வாழும் ஐனு மக்களைத் தொல்குடியினராக ஏற்று ஜப்பானிய நாடாளுமன்றம் 2008இல் தீர்மானம் நிறைவேற்றி, 2019இல் சட்டமும் இயற்றியது. ஐனு மக்கள் 2008இல் திடீரென்று தோன்றிவிடவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவதாக, 'மக்கள்' என்ற எழுவாய் வருமிடத்தில் எல்லாம் 'எந்த மக்கள்?' என்று கேட்டுப் பார்க்கலாம். ஆண்களா, தலைநகரவாசிகளா, பெரும்பான்மைச் சமயத்தினரா, நிலம் உடையவர்களா? பெயரடைகள் நிறைந்த வாக்கியங்களைவிடச் சட்டம், ஆண்டு, எண்ணிக்கை கொண்ட வாக்கியங்களின்மேல் அதிக நம்பிக்கை வைக்கலாம். அவற்றிலும், அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்கள் யார் என்று சொல்லும் நூல் கிடைத்தால் அதை விடாதீர்கள். முடிந்தால் வெவ்வேறு நோக்கத்தோடு எழுதப்பட்ட இரண்டு நூல்களை அருகருகே வைத்துப் படிக்கலாம், ஒன்று பயணிக்காக, மற்றொன்று குடியுரிமைக்காக. அவை ஒத்துப்போகும் இடங்களை வேகமாகக் கடந்துவிட்டு, மாறுபடும் இடங்களில் நின்று படிப்பது பயன் தரும். அந்நாட்டவர் இன்னும் தமக்குள் முடித்துக்கொள்ளாத வழக்குகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஊரி கான்டனின் ஆல்ட்டோர்ஃப் நகரில் வில்லியம் டெல்லின் வெண்கலச் சிலை இருக்கிறது. 1291ஐப் பிறந்த ஆண்டாகக் கொண்டு அரசு விழா எடுத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், 1895இல் நிறுவப்பட்டது. கையேட்டில் 1291 என்று படித்துவிட்டு அந்தச் சிலையின் முன்னால் போய் நிற்பவர், அதன் பீடத்தில் 1307 என்று பொறிக்கப்பட்டிருப்பதைக் காண்பார்.